ஏடு சரியாகக் கட்டவில்லையா? பாக்டீரியல் செல்லுலோஸ் வளர்ப்பில் அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

பால் ஆறும்போது மேலே ஆடை படிவது போல, கோமகட்டேய்பாக்டர் சைலினஸ் என்ற பாக்டீரியா குளுக்கோஸ் கரைசலின் மேல்பரப்பில் ஓர் ஏடு கட்டும். அந்த ஏடு செல்லுலோஸ். மரத்தில் கிடைப்பது போல லிக்னினோ ஹெமிசெல்லுலோஸோ அதில் கலந்திருக்காது. 1886-இல் ஏ. ஜே. பிரவுன் இதைப் பற்றி எழுதினார். பழைய புத்தகங்களில் அசிட்டோபாக்டர் சைலினம் என்றும், இடைக்காலக் கட்டுரைகளில் குளுக்கோனஅசிட்டோபாக்டர் சைலினஸ் என்றும் இருப்பது இதேதான். பெயர் மாறியதைப் பார்த்து வேறு பாக்டீரியா என்று குழம்ப வேண்டாம். தீக்காயத்துக்கான டிரெஸ்ஸிங், ஒலிபெருக்கிச் சவ்வு, கடைகளில் விற்கும் ஜெல்லித் தின்பண்டமான நாட்டா டி கோகோ எல்லாம் இந்த ஏட்டிலிருந்து வருபவை.

பயோடெக் பிராஜெக்டுக்காகவோ சிறிய அளவில் தயாரித்துப் பார்க்கவோ இதை வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். மகசூல் குறைந்ததும் பெரும்பாலோர் செய்வது என்ன? ஏதாவது ஒரு ஆய்வுக்கட்டுரையில் பார்த்த பொருளை மீடியத்தில், அதாவது பாக்டீரியா வளரும் சத்துக் கரைசலில், சேர்ப்பார்கள். எத்தனால், வைட்டமின் சி, லிக்னோசல்ஃபோனேட் என்று பட்டியல் நீளும். அவற்றில் சில உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் போட்ட குளுக்கோஸ் எங்கே போகிறது என்று பார்க்காமல் எதைச் சேர்த்தாலும் அது குருட்டாம்போக்குதான். ஒரு பி.எச். மீட்டர், ஒரு குளுக்கோஸ் கிட், ஒரு நல்ல தராசு, ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தால் கீழே உள்ள கோளாறுகளில் முக்கால்வாசியைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். 1954-இல் ஹெஸ்ட்ரின், ஷ்ராம் இருவரும் பயன்படுத்திய மீடியம்தான் இன்றைக்கும் எல்லோருக்கும் தொடக்கப்புள்ளி. லிட்டருக்கு குளுக்கோஸ் 20 கிராம், பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 2.7 கிராம், சிட்ரிக் அமிலம் 1.15 கிராம், பி.எச். 6. குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) ஆறியபின் கலக்குங்கள். பெப்டோனோடு சேர்த்துக் கொதித்தால் மீடியம் பழுப்பாகிவிடும், அந்த நிறம் பிறகு ஏட்டிலும் ஏறும். 28 முதல் 30 டிகிரியில், அசைக்காமல் வைத்தால், இரண்டு மூன்று நாளில் மெல்லிய படலம் தெரியும். ஒரு வாரம் பத்து நாளில் அது சில மில்லிமீட்டர் தடிமன் ஆகும். கழுவிக் காயவைத்தால் பொதுவாக லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் கிடைக்கும். உங்கள் புது மீடியம் எதுவாக இருந்தாலும் பக்கத்திலேயே இந்த மீடியத்தில் ஒரு ட்ரே வையுங்கள். அதுவும் சரியாக வரவில்லை என்றால் கோளாறு உங்கள் புது மீடியத்தில் இல்லை, கல்ச்சரிலோ (நீங்கள் வளர்த்துவைத்திருக்கும் பாக்டீரியாவிலோ) அறையிலோ இருக்கிறது.

ஒரு வாரம் ஆகியும் ஏடே இல்லை

ட்ரேயைத் தூக்காமல், ஆட்டாமல், பக்கவாட்டில் டார்ச் அடித்துத் திரவத்தைப் பாருங்கள். தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா? அடுத்து என்ன செய்வது என்பது இதைப் பொறுத்தது.

தெளிவாக இருந்தால் எதுவுமே வளரவில்லை. இனாகுலம், அதாவது தொடக்கத்தில் மீடியத்தில் ஊற்றும் விதைக் கல்ச்சர், போதவில்லை, அல்லது செத்துவிட்டது. ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த மீடியம் முழுக்க ஆறும் முன்பே இனாகுலம் போடுவது சாதாரணமாக நடக்கும்; கையால் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள், நடுவில் சூடு தங்கியிருக்கும். உறைய வைத்து உலர்த்திய ஆம்பூலிலிருந்து எழுப்பிய கல்ச்சர் என்றால் பொறுமை தேவை, முதல் தடவை அது மெதுவாகத்தான் வரும். இனாகுலம் 5 முதல் 10 சதவீதம் கொள்ளளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். இன்குபேட்டரின் முகப்பில் காட்டும் வெப்பநிலையை மட்டும் நம்பாமல், ட்ரேக்குள் உள்ள திரவத்தின் வெப்பநிலையை ஒரு தடவையாவது தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் குளிரூட்டும் வசதி இல்லாத இன்குபேட்டர் வெளி வெப்பத்துக்குக் கீழே இறங்காது. 35 டிகிரியைத் தாண்டினால் இந்த பாக்டீரியாவுக்குச் சரிப்படாது.

கலங்கலாக இருந்தால் ஏதோ வளர்ந்திருக்கிறது, ஆனால் ஏடு கட்டவில்லை. இது ஆளைக் குழப்பும் அறிகுறி. ஆரோக்கியமான வளர்ப்பில் செல்கள் ஏட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால் கீழே உள்ள திரவம் ஓரளவு தெளிவாகவே இருக்கும். ஆக, ஏடு இல்லாத கலங்கல் என்றால் ஒன்று அது வேறு கிருமி. அல்லது உங்கள் பாக்டீரியாவே செல்லுலோஸ் செய்யும் திறனை இழந்துவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் மொட்டு விடும் பெரிய செல்கள் தெரிந்தால் ஈஸ்ட். சின்னச் சின்னக் குச்சிகள் மட்டும் தெரிந்தால் பிளேட் போட்டுப் பார்க்க வேண்டும். எப்படி என்று மகசூல் தேய்வதைப் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

இன்னொன்று: மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கும், ஏடு வந்துவிட்டது என்று நினைப்போம், ஆனால் அது ஈஸ்ட் படலமாக இருக்கும். சுருக்கம் விழுந்து, மாவு போலத் தெரியும். கிடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். செல்லுலோஸ் ஏடு ஈரமான ரப்பர் மாதிரி முழுசாக எழுந்து வரும், சுலபத்தில் கிழியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு துண்டை 0.1 நார்மல் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டுச் சூடுபடுத்துங்கள். ஈஸ்ட் படலம் கலைந்துபோகும், செல்லுலோஸ் அப்படியே நிற்கும்.

ஏடு கட்டுகிறது, ஆனால் மெல்லியதாகவே நின்றுவிடுகிறது

பெரும்பாலான கேள்விகள் இதைப் பற்றித்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

20 கிராம் குளுக்கோஸ் முழுக்க செல்லுலோஸ் ஆனால் 18 கிராம் வர வேண்டும். ஒவ்வொரு குளுக்கோஸும் சங்கிலியில் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோகிறது, அதனால்தான் இந்த 2 கிராம் குறைவு. நமக்குக் கிடைப்பதோ 3 கிராம். மீதி எங்கே? கொஞ்சம் செல்களாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் போகிறது. பெரிய பங்கு குளுக்கோனிக் அமிலமாகப் போகிறது. இந்த பாக்டீரியாவின் சவ்வில் குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்ற என்சைம் உட்கார்ந்திருக்கிறது. குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைவதற்கு முன்பே, வாசலிலேயே பிடித்து அமிலமாக்கிவிடும். அமிலம் சேரச் சேர பி.எச். இறங்கும், பி.எச். இறங்க இறங்க ஏடு வளர்வது தேங்கும். 6-இல் தொடங்கிய மீடியம் சில நாட்களில் 3.5-ஐ ஒட்டி வந்துவிடுவது சர்வ சாதாரணம்.

அதனால் ஏடு நின்றுவிட்டது என்றால் அன்றைக்கே இரண்டு அளவுகள் எடுங்கள்: பி.எச்., மீதி குளுக்கோஸ். நான்கு விதமாக வரலாம்.

பி.எச். நன்றாக இறங்கியிருக்கிறது, குளுக்கோஸும் மீதி இருக்கிறது. அமிலம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. குளுக்கோஸைக் கூட்டினால் நிலைமை மோசமாகும், அமிலம்தான் இன்னும் கூடும். 20 கிராம் போதவில்லை என்று 40, 50 கிராம் போடுபவர்கள் இந்தச் சுழலில்தான் மாட்டுகிறார்கள். குறைத்துப் பாருங்கள், அல்லது பாஸ்பேட், சிட்ரேட் அளவை இரு மடங்காக்கி பி.எச். மாற்றத்தைத் தாங்கும் மீடியத்தின் சக்தியைக் கூட்டிப் பாருங்கள். பெப்டோனுக்குப் பதில் கார்ன் ஸ்டீப் லிக்கர் பயன்படுத்தினால் அதுவே பி.எச்.ஐ ஓரளவு பிடித்துவைக்கும். மக்காச்சோள ஸ்டார்ச் ஆலைகளில் கிடைக்கும், விலையும் குறைவு. கால்சியம் கார்பனேட் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அசையாத ட்ரேயில் அது அடியில் போய்ப் படுத்துவிடும். அமிலம் உருவாவது மேலே. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நடுவில் காரம் ஊற்றி பி.எச்.ஐத் திருத்துவதும் வேண்டாம், ஊற்றுகிற அசைவிலேயே ஏடு கெட்டுவிடும்.

பி.எச். இறங்கியிருக்கிறது, குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது. எல்லாம் அமிலமாகிவிட்டது என்று அர்த்தம். இது மூன்றாம் நான்காம் நாளில் தெரிந்தால் ட்ரேயைக் கொட்டிவிடாதீர்கள். குளுக்கோனிக் அமிலத்தையும் இந்த பாக்டீரியா பின்னால் மெதுவாக எடுத்துக்கொள்ளும், பி.எச். ரொம்பக் கீழே போகாமல் இருந்தால் சில நாளில் அது லேசாக ஏறுவதையும் ஏடு மறுபடி தடிப்பதையும் பார்க்கலாம். அடுத்த தடவைக்கு கார்பன் மூலத்தையே மாற்றிப் பாருங்கள். கிளிசரால், ஃபிரக்டோஸ், மானிட்டால் மூன்றிலும் குளுக்கோனிக் அமிலப் பிரச்சினை கிடையாது. ஃபிரக்டோஸில் வளர்ச்சி மந்தமாக இருக்கலாம், எது ஒத்துவரும் என்பது பாக்டீரியாவின் வகைக்கு (ஸ்ட்ரெய்ன்) வகை மாறும். குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் மரபணுவையே நீக்கிய வகைகளில் செல்லுலோஸ் கூடியதாக ஆய்வுகள் உண்டு, ஆனால் அது கல்லூரி பிராஜெக்டின் ஆறு மாதத்துக்குள் அடங்கும் வேலை இல்லை.

பி.எச். அப்படியே இருக்கிறது, குளுக்கோஸும் அப்படியே இருக்கிறது. செல்கள் வேலையே செய்யவில்லை. வெப்பநிலை, இனாகுலம், காற்று மூன்றையும் பாருங்கள். மூடியை இறுக்கி டேப் ஒட்டியிருப்பார்கள். இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கட்டாயம். கழுவிய ட்ரேயில் டிடர்ஜெண்ட் தங்கியிருப்பதும் ஒரு காரணம்.

பி.எச். பெரிதாக இறங்கவில்லை, ஆனால் குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது, ஏடும் மெல்லியது. வேறு யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள். மைக்ரோஸ்கோப் எடுங்கள்.

இந்த நான்கிலும் அடங்காத ஒரு வகையும் உண்டு, அது உண்மையில் கோளாறே இல்லை. அசையாத வளர்ப்பில் ஏடு மேல்பரப்பில்தான் வளர்கிறது, அதனால் மகசூலைத் தீர்மானிப்பது பரப்பு. 20-க்கு 30 சென்டிமீட்டர் ட்ரே என்று வைத்துக்கொள்வோம், பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். 600 மில்லி ஊற்றினால் ஆழம் 1 சென்டிமீட்டர், 1,800 மில்லி ஊற்றினால் 3 சென்டிமீட்டர். ஒரே கால அளவில் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே எடை ஏடு வந்தால், லிட்டர் கணக்கில் பார்க்கும்போது இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. ஒருவர் ஃபிளாஸ்கிலும் இன்னொருவர் ட்ரேயிலும் வளர்த்துவிட்டு லிட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பிடுவது வீண் சண்டை. சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏடு தடிக்கத் தடிக்க வேகம் குறைவதும் இயல்புதான். காற்று மேலே இருக்கிறது, உணவு கீழே இருக்கிறது. புதிய செல்லுலோஸ் காற்றை ஒட்டிய பக்கத்தில் சேர்கிறது; உணவு ஏட்டைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருப்பதில் பெரும்பாலும் லாபம் இல்லை. இன்னும் தடிமன் வேண்டும் என்றால், ஏட்டின் மேல் மெல்லிய அளவில் புது மீடியத்தை அவ்வப்போது ஊற்றலாம். ஒவ்வொரு தடவையும் புது அடுக்கு ஒன்று மேலே கட்டும்.

இப்போது எத்தனால். மேலே சொன்ன அளவுகளை எடுத்தபிறகும் மகசூலைக் கூட்ட வேண்டும் என்றால் முதலில் நான் சொல்வது இதைத்தான். லிட்டருக்கு 10 மில்லி, அதாவது 1 சதவீதம். பாக்டீரியா எத்தனாலை எரித்து ஆற்றல் எடுத்துக்கொள்வதால் குளுக்கோஸின் கூடுதல் பங்கு செல்லுலோஸுக்குப் போகிறது. ஆட்டோகிளேவுக்கு முன்பே ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும், ஆறியபின் சேருங்கள். எத்தனால் அசிட்டிக் அமிலமாக மாறுவதால் பி.எச். இன்னும் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். 2 சதவீதத்தைத் தாண்டினால் பல வகைகளில் பலன் தலைகீழாகிவிடும்.

முதல் தடவை அருமையாக வந்தது, அப்புறம் தடவைக்குத் தடவை தேய்கிறது

இங்கே சந்தேகம் உங்கள் இனாகுலத்தின் மீதுதான். ஷேக்கரில் போட்டு வளர்த்த கல்ச்சரையோ, முந்தைய ட்ரேயின் திரவத்தையோ மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், செல்லுலோஸ் செய்யாத செல்கள் கூடிக்கொண்டே போகும். செல்லுலோஸ் செய்யும் செல் தானே கட்டிய வலையில் சிக்கி ஏட்டோடு போய்விடுகிறது. செய்யாத செல் திரவத்தில் சுதந்திரமாகத் திரிகிறது. நீங்கள் பிப்பெட்டில் எடுப்பது யாரை? திரிகிறவனை.

உறுதி செய்ய, அதே மீடியத்தில் அகார் பிளேட் போட்டு, கல்ச்சரை நீர்த்துப் பரப்புங்கள். சில நாளில் இரண்டு விதக் காலனிகள் தெரியலாம். ஒன்று மேடாக, சொரசொரப்பாக, ஊசியால் குத்தினால் தோல் மாதிரி மொத்தமாக எழுந்து வரும். இன்னொன்று தட்டையாக, வழவழவென்று பளபளக்கும், ஊசியில் கூழாக ஒட்டும். இரண்டாவதுதான் செல்லுலோஸ் செய்யாதது. மீடியத்தில் கால்கோஃப்ளூர் சாயம் கலந்திருந்தால் புற ஊதா விளக்கில் முதல் வகை நீலமாக ஒளிரும், இன்னும் சுலபம்.

சொரசொரப்பான ஒரு காலனியை எடுத்து, அசையாத குழாயில் ஏடு கட்டவிட்டு, அந்த ஏட்டிலிருந்து இனாகுலம் எடுங்கள். ஏட்டில் சிக்கிய செல்களை வெளியே கொண்டுவர இரண்டு வழி. ஏட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, கொஞ்சம் மீடியத்தோடு வேகமாகக் குலுக்கி, கிருமி நீக்கிய துணியில் வடிகட்டலாம்; பெரும்பாலான வேலைக்கு இதுவே போதும். செல்களின் எண்ணிக்கை துல்லியமாக வேண்டும் என்றால், 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்த செல்லுலேஸ் என்சைம் சேர்த்து ஏட்டைக் கரைக்கலாம். அப்படிச் செய்தால் செல்களை சென்ட்ரிஃபியூஜில் இறக்கி நன்றாகக் கழுவுங்கள். கழுவாமல் ட்ரேயில் ஊற்றினால் மிச்ச என்சைம் புதிதாகக் கட்டும் ஏட்டையும் தின்றுவிடும். மகசூல் ஏன் குறைந்தது என்று மறுபடி தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

நல்ல கல்ச்சர் கிடைத்த அன்றைக்கே 20 சதவீத கிளிசராலில் பல சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு புது பரிசோதனைக்கும் ஒரு புதுக் குப்பி. ஃபிரிட்ஜில் இருக்கும் பிளேட்டிலிருந்து மாதக்கணக்கில் எடுத்து ஓட்டுவதுதான் இந்தத் தேய்வுக்குப் பாதிக் காரணம்.

ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு, ஓட்டை, அடுக்கடுக்காகப் பிரிகிறது

இவை பெரும்பாலும் வேதியியல் கோளாறுகள் இல்லை. மேசை சாய்வாக இருக்கலாம், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை ட்ரேயின் அடியில் வைத்துப் பாருங்கள். தீவு தீவாக ஏடு கட்டினால் இனாகுலம் கட்டியாக விழுந்திருக்கிறது, ஊற்றியபின் ஒரு தடவை மெதுவாகச் சுழற்றிவிட்டு அதற்கப்புறம் தொடவே கூடாது. குழிகள் வட்டமாக இருந்தால் மூடியில் கோர்த்த நீர்த்துளிகள் விழுந்திருக்கும். கண்ணாடி மூடிக்குப் பதில் பல மடிப்பு மஸ்லின் துணியோ தாளோ கட்டினால் காற்றும் போகும், துளியும் விழாது.

அடுக்கடுக்காகப் பிரிந்தால் யாரோ ட்ரேயை நகர்த்தியிருக்கிறார்கள். ஏடு ஒரு பக்கம் அமிழ்ந்தாலும் அதன் மேல் திரவம் ஏறிவிடும், அங்கே புதிதாக இன்னொரு ஏடு கட்டத் தொடங்கும். தினமும் எடுத்துப் பார்க்கும் ஆர்வம்தான் எதிரி. அதே மேசையில் ஷேக்கர் ஓடினாலும், அதே ரேக்கில் ஃபிரிட்ஜ் மோட்டாரின் அதிர்வு வந்தாலும் இதே கதைதான்.

மேல்பக்கம் காய்ந்து தோல் போல ஆகிவிட்டால் மின்விசிறிக் காற்றோ, ஈரப்பதம் இல்லாத இன்குபேட்டரோ காரணம். இன்குபேட்டருக்குள் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள்.

குமிழி, பூஞ்சை, வாசனை

ஏட்டுக்கு அடியில் ஓரிரு குமிழி இருந்தால் பயப்பட வேண்டாம், பாக்டீரியா மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு வரத்தான் செய்யும். ஏடு முழுக்கக் குமிழி நிறைந்து உப்பி மேலே தூக்கினால் அது ஈஸ்ட். இங்கே மூக்கையும் நம்பலாம். சுத்தமான வளர்ப்பு லேசான வினிகர் வாசனை அடிக்கும். கள் வாசனையோ ரொட்டி வாசனையோ அடித்தால் வேறு ஆள் இருக்கிறார். கொம்புச்சா (புளிக்கவைத்த தேநீர்) ஏட்டிலிருந்து தொடங்கியவர்களுக்கு இது தவிர்க்க முடியாதது. அதில் ஈஸ்டும் பாக்டீரியாவும் கூட்டுக் குடித்தனம். பரிசோதனை முடிவு வேண்டும் என்றால் அதிலிருந்து தனிக் காலனி பிரித்தெடுங்கள், இல்லையென்றால் நுண்ணுயிர் சேகரிப்பு மையத்திலிருந்து வகை எண்ணோடு வாங்குங்கள்.

பச்சையோ கறுப்போ பஞ்சாக மேலே தெரிந்தால் பூஞ்சை. அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுத் தொடரலாமா என்று கேட்பார்கள். கூடாது. மூடிய நிலையிலேயே ஆட்டோகிளேவில் போட்டு ஒழித்துவிடுங்கள். பழ ஈ நுழைந்தால் கிருமியும் கூடவே வரும், அதனால் துணியை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள்.

தேங்காய்த் தண்ணீரில் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை

நாட்டா டி கோகோ பிலிப்பைன்ஸில் பிறந்தது. முற்றிய தேங்காயின் தண்ணீரில் சீனி, அம்மோனியம் உப்பு, அசிட்டிக் அமிலம் சேர்த்து ட்ரேயில் கட்டவைப்பார்கள். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களங்களில் உடைக்கிற தேங்காயின் தண்ணீர் வீணாகிறது என்பதால் நம் ஊரிலும் பலர் முயல்கிறார்கள்.

முதல் எதிரி நேரம். உடைத்த சில மணி நேரத்தில் தண்ணீர் புளிக்கத் தொடங்கிவிடும். களத்தில் காலையில் பிடித்ததை மாலையில் கொதிக்கவைத்தால் அதற்குள் வேறு கிருமிகள் பாதியைச் சாப்பிட்டிருக்கும். பிடித்தவுடன் வடிகட்டிக் கொதிக்கவையுங்கள், முடியாவிட்டால் ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். கொதித்து ஆறியதும் மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை எடுத்துவிடுங்கள், ஏடு கட்ட வேண்டிய இடமே அதுதான். பி.எச்.ஐ அசிட்டிக் அமிலத்தால் 4 முதல் 4.5-க்குக் கொண்டுவந்தால் மற்ற கிருமிகளுக்குக் கடினம், இதற்குச் சமாளிக்கக்கூடியது.

இரண்டாவது, சீனி. குளுக்கோஸைப் போல சீனியை எல்லா வகைகளும் வேகமாக எடுத்துக்கொள்ளாது. முதலில் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைய வேண்டும். இங்கே அளவிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் டி.என்.எஸ். முறை சீனியைக் காட்டாது. குளுக்கோஸ் கிட்டும் காட்டாது. "சர்க்கரை தீர்ந்துவிட்டது" என்று எழுதிய அறிக்கைகளில் ட்ரேயில் சீனி முழுசாகக் கிடந்திருக்க வாய்ப்புண்டு. மாதிரியை அமிலத்தில் சூடாக்கி உடைத்து, நடுநிலையாக்கி, அப்புறம் அளவிடுங்கள்.

சாப்பிடுவதற்காகச் செய்தால் அம்மோனியம் சல்பேட் உணவுத் தரத்தில் வாங்குங்கள். உர மூட்டையிலிருந்து எடுப்பது வேண்டாம்.

ஷேக்கரில் ஏடு வராமல் உருண்டை உருண்டையாக வருகிறது

அது கோளாறு இல்லை, குலுக்கினால் அப்படித்தான் வரும். ஏடுதான் வேண்டும் என்றால் ஷேக்கரை விட்டுவிடுங்கள். உருண்டையோ நாரோ போதும் என்றால் தொடரலாம், ஆனால் செல்லுலோஸ் செய்யாத செல்கள் இங்கேதான் வேகமாகப் பெருகும். எத்தனால் 1 சதவீதம் இதற்கும் ஓரளவு உதவுகிறது. கலக்கி உள்ள ஃபெர்மென்டரில் செல்லுலோஸ் இறக்கைகளைச் சுற்றிக்கொள்ளும், திரவம் கெட்டியாகி ஆக்சிஜன் போய்ச் சேராது. வேகத்தைக் கூட்டினால் செல்லுக்கு அடி, குறைத்தால் மூச்சு முட்டும். காற்றையே ஊதிக் கலக்கும் ஏர்லிஃப்ட் வகை இதற்குப் பொருத்தம்.

கழுவியும் மஞ்சள் போகவில்லை. எடை ஆளுக்கு ஆள் மாறுகிறது

ஏட்டை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, 0.1 நார்மல் காஸ்டிக் சோடாவில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். கரைசல் பழுப்பாகும். கொட்டிவிட்டுப் புதுக் கரைசலில் மறுபடியும் செய்யுங்கள், கரைசல் நிறம் மாறுவது நிற்கும் வரைக்கும். பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி, கழுவிய தண்ணீரின் பி.எச். நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும். தடித்த ஏட்டின் உள்ளே காரம் தங்கும், அதனால் இரவு முழுக்க ஊறவிட்டு மறுநாள் மறுபடி பாருங்கள். சீக்கிரம் வெள்ளையாகட்டும் என்று காரத்தின் செறிவை ஏகத்துக்கும் கூட்டாதீர்கள், செல்லுலோஸின் படிக அமைப்பே மாறிவிடும்.

ஈர எடையை மகசூல் என்று எழுதவே கூடாது. ஏட்டில் 98, 99 சதவீதம் தண்ணீர். கிடுக்கியால் தூக்கி எவ்வளவு நேரம் வடியவிட்டீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த எடை மாறும். தடிமனும் அப்படித்தான், இரண்டு ஏடுகள் ஒரே தடிமனில் இருந்தும் ஒன்றில் செல்லுலோஸ் பாதியாக இருக்கலாம். கழுவிய ஏட்டை 60 முதல் 80 டிகிரியில் எடை குறைவது நிற்கும் வரை காயவைத்து, டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரத்தில்) ஆறவிட்டு எடை பாருங்கள்; வெளியே ஆறவிட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓவனில் காய்ந்த ஏடு காகிதமாகச் சுருங்கிவிடும், நுண்துளைகள் வேண்டும் என்றால் ஃப்ரீஸ் டிரையர்தான்.

கழுவியது போதுமா என்று எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அலை எண் 1640-ஐ (செ.மீ.⁻¹) ஒட்டி ஒரு முகடு வந்தால் உடனே புரதம் மீதி என்று எழுதிவிடுகிறார்கள். செல்லுலோஸில் ஒட்டியிருக்கும் தண்ணீரும் அதே இடத்தில்தான் முகடு தரும். 1540 பக்கமும் முகடு இருந்தால் மட்டும் புரதம் என்று கொள்ளுங்கள், திரும்பக் காஸ்டிக் சோடாவுக்கு அனுப்புங்கள். அங்கே எதுவும் இல்லை, 1640 மட்டும் நிற்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் காயவைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள்.